கூடுதல் பன்னிரண்டு நிமிடம்

டி.பி. ஏரியல் கம்பெனியில் தௌசீஃபின் வேலை நிமிடங்களைக் கூட்டுவது. மூலை மேசையில் குனிந்து உட்கார்ந்திருக்கும் இவர் யார் என்று வருகிறவர்கள் கேட்டால், முதலாளி டில்லிபாபு அப்படித்தான் அறிமுகம் செய்வார். “நம்ம இன்ஜினியரு. ட்ரோனுக்கு ஆயுசு ஏத்திக்கினு கீறாரு.” வந்தவர்கள் சிரிப்பார்கள். தௌசீஃபும் சிரிப்பான். அது சிரிக்க வேண்டிய இடம் என்று அவனுக்குத் தெரியும்.

அடையாறு இந்திரா நகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இரண்டு அறைகள். கம்பெனி அவ்வளவுதான். டி.பி. என்பது டில்லிபாபுவேதான். தி.நகர் கல்யாண மண்டபங்களில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேலிருந்து படமெடுக்க ஒரு ட்ரோன் வாங்கினார். பிறகு தெருவுக்கு நாலு பேரிடம் ட்ரோன் வந்துவிட்டது. டில்லிபாபு கல்யாணத்தை விட்டுவிட்டு நிலத்தை அளக்க வந்தார். காலி மனை, ஏரிக்கரை, கட்டடம், கடைசியாகப் பெருங்குடி குப்பை மேடு. குப்பையை அள்ளித் தரம் பிரிக்கும் ஒரு ஒப்பந்தக் கம்பெனிக்கு, மேடு மாதாமாதம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மேலிருந்து படம் எடுத்து அளந்து கொடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில்தான் டி.பி. ஏரியல் ஓடிக்கொண்டிருந்தது.

மேடு பெரியது. ட்ரோனின் பேட்டரி இருபத்திரண்டு நிமிடம்தான் தாங்கும். ஒரே தடவையில் மேட்டை முழுதாகச் சுற்றிவர முப்பது நிமிடமாவது வேண்டும். நடுவில் இறக்கி, பேட்டரி மாற்றி, மறுபடி ஏற்றினால் படங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவதில்லை. தௌசீஃப் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் டில்லிபாபு அவன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். “நைனா, பெரிய பேட்டரி போட்டா வெயிட்டு ஏறுது. சின்னது போட்டா சீக்கிரம் எறங்குது. நீ படிச்சவன். இன்னா செய்யலாம்னு பாரு.”

அவன் பார்த்தான். ட்ரோனோடு வந்த பேட்டரி மெத்தென்று தலையணை மாதிரி இருக்கும் லிப்போ வகை. கேட்டவுடன் நிறைய மின்சாரத்தைக் கொட்டும், ஆனால் கனம் அதிகம். மின்சார ஸ்கூட்டரில் போடும் உருளை செல்கள் வேறு வகை. அதே எடைக்கு அதிகம் பிடித்து வைக்கும், ஆனால் நிதானமாகத்தான் கொடுக்கும். எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடி அந்த உருளை செல்களை வாங்கி வந்தான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி, ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கி, இருபத்துநான்கு செல்களை அடுக்கி, நிக்கல் பட்டைகளை வைத்து ஒவ்வொரு முனையிலும் பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்தான். மேலே நீலநிற உறை போட்டுச் சூடுகாட்டிச் சுருக்கினான். பார்க்கச் செங்கல் மாதிரி இருந்தது. ஜொவிட்டா அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது பறக்குமா, இல்ல வீடு கட்டவா?” என்றாள்.

ஜொவிட்டாதான் கம்பெனியின் பைலட். தௌசீஃபைவிட மூன்று வயது பெரியவள், சாந்தோம்காரி. பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் நான்கு வருடம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்து, அதை விட்டுவிட்டு, ட்ரோன் ஓட்டும் பயிற்சிக்குப் போய் அரசாங்கச் சான்றிதழ் வாங்கியவள். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் பையில் வைத்திருப்பாள். சென்னையில் அப்படிச் சான்றிதழோடு வேலை செய்கிறவர்கள் மொத்தமும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள் என்றும், யார் எங்கே எதை விழவைத்தாலும் சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்றும் ஒரு தடவை சொன்னாள்.

புது பேட்டரி பறந்தது. சோதனைகள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்தன. எட்டு மணிக்கு மேல் வீட்டுக்காரம்மா துணி உலர்த்த வருவார். தலைக்கு மேலே அந்தச் சாமான் உறுமிக்கொண்டு நிற்பது அவருக்குப் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு சோதனையும் ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிந்தது. தௌசீஃபின் நோட்டில் நாற்பத்தொரு சோதனைகள் தேதி, நேரம், எடை, மின்னழுத்தம் என்று வரிசையாக இருந்தன. நாற்பத்தொன்றும் காலை வேளை. காலையில் அடையாற்றில் இலை அசையாது. கடல்காற்று மதியத்துக்கு மேல்தான் ஏறும். இது அந்த ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். அது நோட்டில் எங்கும் இல்லை.

முதலில் இருபத்தேழு நிமிடம் வந்தது. டில்லிபாபு நோட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “முப்பது வரலன்னா எனக்கு இன்னா யூஸு?” அன்று மாலை தௌசீஃப் இன்னொன்றையும் மாற்றினான். பேட்டரியில் நூற்றுக்கு இருபத்தைந்து மிச்சம் இருக்கும்போதே ட்ரோன் எச்சரிக்கை மணி அடிக்கும், திரும்பி வந்து இறங்க அவகாசம் வேண்டும் என்பதற்காக. லிப்போ பேட்டரியை அதற்குக் கீழே இறக்கினால் கெட்டும் போகும். இந்த உருளை செல்கள் அப்படிக் கெடுவதில்லை, அடிமட்டம் வரை இறக்கலாம். அதனால் அந்த இருபத்தைந்தை ஐந்தாக்கினான். மறுநாள் காலை முப்பத்துநான்கு நிமிடம் நின்றது.

கூடிய பன்னிரண்டில் ஐந்து நிமிடம்தான் செல்களால் வந்தது. மிச்சம் ஏழு, மணியைத் தள்ளிப்போட்டதால் வந்தது. தௌசீஃபுக்கு இது தெரிந்தேயிருந்தது. டில்லிபாபு எல்லாருக்கும் பிரியாணி வரவழைத்தார். அவன் சாப்பிட்டான். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தான். உள்ளே தேடிப் பார்த்தபோது, வயிறு நிறைந்திருந்தது மட்டும் தெரிந்தது.

எப்போதிலிருந்து இப்படி என்று அவனால் சொல்ல முடியாது. கல்லூரி முடிந்த பிறகு ஒன்றரை வருடத்தில் நாற்பத்தெட்டு நேர்முகத் தேர்வுகளுக்குப் போனான். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களின் வாசலில் முந்நூறு பேரோடு கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றான். முதல் பத்து தடவை முந்தின இரவே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தான். இருபதாவது தடவையில் தூக்கம் கெட்டது. முப்பதுக்குப் பிறகு ஒன்றும் இல்லை. ‘தகவல் சொல்கிறோம்’ என்றால் நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினான். டில்லிபாபு வேலை கொடுத்தபோதும் அதே குரலில்தான் நன்றி சொன்னான்.

அவன் அப்பா கரீமுல்லா தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இருபத்தாறு வருடமாகப் புடவை பிரித்துக் காட்டி மடிக்கிறவர். மகனின் முதல் சோதனை அறிக்கையைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார். அதன் கீழே ‘க. தௌசீஃப், பி.இ.’ என்று கையெழுத்து. அந்தக் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் எழுத்து வந்தது அதுதான் முதல் தடவை. கடையில் புடவைப் பிரிவு முழுக்க அதைப் பார்த்திருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, மே மாதம். பெருங்குடிக்கு வழக்கமாகக் காலையிலேயே போய்விடுவார்கள். அன்று சைட்டில் பாதுகாப்பு ஆய்வு என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஒன்றரைக்கு மேல்தான் அனுமதி வந்தது. தௌசீஃபும் ஜொவிட்டாவும் மேட்டின் கிழக்கு ஓரத்தில், டிப்பர் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய் நிழலில் நின்றார்கள். நாற்றம் முதல் ஐந்து நிமிடம்தான், பிறகு மூக்கு விட்டுவிடும். ட்ரோன் எழுந்து மேற்கே போனது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. மடிக்கணினியில் மிச்ச நேரம் கணக்கைவிடக் கூடுதலாகவே காட்டியது.

இருபத்தைந்தாவது நிமிடம் ஜொவிட்டா வானத்தைப் பார்த்தாள். அவள் முடி முகத்தில் வந்து விழுந்தது. கையில் இருந்த ரிமோட்டை விடாமல் தோளால் முடியை ஒதுக்கிக்கொண்டு, “காத்து ஏறுது. திருப்பிரட்டுமா?” என்று கேட்டாள்.

தௌசீஃப் வானத்தைப் பார்க்கவில்லை. மடிக்கணினியைப் பார்த்தான். அவன் மொட்டை மாடியில் தயாரித்த அட்டவணைப்படி ஓடிய எண் அதில் இருந்தது. “இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு. ரெண்டே ரெண்டு வரிசைதான் பாக்கி. முடிச்சிட்டு வரலாம்.”

“உறுதியா?”

“நம்பர் அப்டிதான் காட்டுது.”

அவள் இரண்டு வரிசையையும் முடித்து ட்ரோனைத் திருப்பினாள். எதிர்காற்றில் அது தலையைக் குனிந்துகொண்டு ஊர்ந்தது. மோட்டார்களின் சத்தம் தூரத்திலிருந்தே மாறியது. மிச்ச நேரம் ஒன்பதிலிருந்து ஐந்தாக, ஐந்திலிருந்து இரண்டாக, படி இறங்குகிற மாதிரி இறங்கியது. பிறகு மணி அடித்தது. ஜொவிட்டா உயரத்தைக் குறைத்தாள். லாரிகள் இல்லாத பக்கமாக ஒதுக்கப் பார்த்தாள். அதற்குள் நான்கு மோட்டார்களும் ஒரேயடியாக நின்றுபோயின.

ஆறு கிலோ ட்ரோன். ஒரு டிப்பர் லாரியின் முன்கண்ணாடியில் விழுந்தது. உள்ளே ஓட்டுநர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். புருவத்தில் மூன்று தையல் போட வேண்டியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று.

டில்லிபாபு அரைமணியில் பைக்கில் வந்து சேர்ந்தார். ஒப்பந்தக் கம்பெனியின் சைட் மேனேஜர் அனன்யா, மஞ்சள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உடைந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றார். அவர் யாரையும் குறிப்பிட்டுப் பார்க்காமல், எதனால் விழுந்தது என்று கேட்டார்.

பதில் சொன்னது டில்லிபாபு. “பைலட் மிஸ்டேக்தான் மேடம். பேட்டரி வார்னிங் குடுத்துச்சு. கவனிக்காம விட்டாங்க.”

ஜொவிட்டா முதலாளியைப் பார்க்கவில்லை. தௌசீஃபைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அடுத்துப் பேச வேண்டிய ஆளைப் பார்க்கிற பார்வை அது. தௌசீஃப் லாரியின் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நீல உறையின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. பேச வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பேசப் பயந்தானா என்றால், அதுவும் இல்லை. யாரோ ஒருவனின் இடத்தில் யாரோ ஒருவன் நிற்பதைத் தூரத்திலிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. அனன்யா பத்து எண்ணும் நேரம் காத்திருந்தார். பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் இன்ஜினியர் கையெழுத்தோடு அறிக்கை வேண்டும் என்றும், அதுவரை இந்தப் பைலட் சைட்டுக்குள் வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் டில்லிபாபு ஒரு டீக்கடையில் பைக்கை நிறுத்தி அவனுக்கு விளக்கினார். ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது பழைய பேட்டரி. மாற்றினால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. பேட்டரியால் விழுந்தது என்று வந்தால் இந்த ஒப்பந்தம் போச்சு. கம்பெனியில் ஆறு பேர் இருக்கிறார்கள். பைலட் தவறு என்று வந்தால் பைலட்டை மாற்றினால் போதும், வேலை ஓடும். “நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல நைனா. அந்தப் பொண்ணு வேற எடத்துல சேந்துக்கும். நீ படிச்சவன், எழுதுற விதத்துல எழுது.”

அவள் வேறு இடத்தில் சேர முடியாது என்பது இருவருக்குமே தெரியும். ஒரு இன்ஜினியர் கையெழுத்துப் போட்டு, பைலட்டின் தவறு என்று எழுதிய காகிதம் ஒன்று இருந்தால், அவள் பையில் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கு மதிப்பு இல்லை. மறுபடி கால் சென்டர்தான். தௌசீஃப் டீயைக் குடித்து முடித்தான். சர்க்கரை அதிகம் என்று பட்டது.

புதன்கிழமை முழுக்க ட்ரோனின் பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு நொடிக்கும் ஒரு வரி. மணி அடித்ததற்கும் மோட்டார் நின்றதற்கும் நடுவில் முப்பத்தெட்டு நொடி. அவர்கள் நின்ற இடத்துக்கு அது வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டும். மணி பழைய இடத்திலேயே இருந்திருந்தால், ட்ரோன் மேற்கே கடைசி வரிசையில் இருக்கும்போதே, ஏழு நிமிடம் முன்னாலேயே அடித்திருக்கும். கோப்பில் எல்லாம் தெளிவாக இருந்தது. காலையில் பார்த்தபோதும் முப்பத்தெட்டு. மதியம் பார்த்தபோதும் முப்பத்தெட்டு.

அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் இருக்கும் வீடு. அம்மா அமீனா பீ தட்டில் சோற்றை வைத்தாள். டில்லிபாபு போன் செய்தார் என்று கரீமுல்லா சொன்னார். “உன் கையெழுத்து இருந்தாதான் அந்தக் கம்பெனி ஒத்துக்குமாமே. ஆறு பேரு சோறு உன் கையிலதான் இருக்குன்னாரு. இதுக்குத்தான்டா படிக்க வெச்சது.”

தௌசீஃப் தலையாட்டினான். அப்பாவிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தான். எதைச் சொல்வது? படித்ததனால் எது பொய் என்று தெரிகிறது, படித்ததனாலேயே அதை எப்படி எழுதுவது என்றும் தெரிகிறது என்றா? அம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை எழுத உட்கார்ந்தான். ஒப்பந்தக் கம்பெனி அனுப்பியிருந்த படிவம் மூன்று பக்கம். முதல் கட்டத்தில் விபத்தின் காரணம். ‘குறைந்த மின்னளவு எச்சரிக்கை வந்த பின்னும் பைலட் உரிய நேரத்தில் ட்ரோனை இறக்கவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதினான். எழுதுவது கஷ்டமாக இல்லை. படித்துப் பார்த்தால் வார்த்தைக்கு வார்த்தை பொய் என்றும் சொல்ல முடியாது. எச்சரிக்கை வந்தது. இறக்கவில்லை. வாக்கியம் நன்றாக இருந்தது. நாற்பத்தெட்டு நேர்முகத் தேர்வுகளுக்கு எழுதிப் பழகிய ஆங்கிலம்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். எச்சரிக்கை அளவு எத்தனை சதவீதம், அதை அமைத்தவர் யார்?

இருபத்தைந்து என்று தட்டச்சு செய்தால் போதும். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ட்ரோன் நொறுங்கிவிட்டது, கோப்பு அவனிடம்தான் இருக்கிறது. இரண்டு என்ற பொத்தானில் விரலை வைத்தான். அழுத்த வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். மறுபடியும் வரவில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில், சோதனை செய்யாமலே பக்கத்துப் பையனின் அளவுகளைப் பார்த்து எழுதுவார்கள். அவன் எழுதியதில்லை. அது நேர்மை என்று அவன் நினைத்ததே இல்லை. அளக்காத எண்ணை எழுதினால் அடுத்த கணக்கு எப்படி வரும் என்ற எரிச்சல், அவ்வளவுதான். பொய்யான வாக்கியம் எழுதக் கை வந்தது, பொய்யான எண் எழுத வரவில்லை. நான் என்ன மாதிரி ஆள் என்று யோசித்தான். கட்டத்தில் ஐந்து என்று எழுதினான். அமைத்தவர்: க. தௌசீஃப்.

ஐந்து என்று எழுதிய பிறகு முதல் பக்கத்து வாக்கியம் நிற்கவில்லை. அதை அழித்தான். பிறகு, ஒன்றன் பின் ஒன்றாக, எல்லாவற்றையும் எழுத வேண்டியிருந்தது. செல்கள். மாடி. காலை வேளைச் சோதனைகள். மதியக் காற்று. ‘காற்று ஏறுகிறது, திரும்பிவிடலாமா என்று பைலட் கேட்டார். முடித்துவிட்டு வரலாம் என்று நான் சொன்னேன்.’ பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. அச்செடுத்து டில்லிபாபுவிடம் கொடுத்தான்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். ஆங்கிலம் அவருக்கு நேரமெடுக்கும். ஓரிடத்தில் விரலை வைத்து அர்த்தம் கேட்டார், அவன் சொன்னான். கடைசிப் பக்கம் வந்ததும் காகிதங்களை மேசையில் தட்டி அடுக்கினார்.

“இத அனுப்பினா இன்னா ஆகும்னு தெரியுமா உனக்கு?”

“தெரியும்ணா.”

“உன் பேரும்தான் போவும்.”

“ம்.”

“அந்தப் பொண்ணு உன்கிட்ட அழுதுச்சா? இல்ல எதனா…”

“அவங்க பேசவே இல்லணா. போனும் பண்ணல.”

“அப்புறம் இன்னாத்துக்குடா?” அவர் குரல் உயரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார் போலிருந்தது. ஐந்து என்று எழுதிவிட்டேன் என்றுதான் தௌசீஃபால் சொல்ல முடிந்தது. டில்லிபாபு சட்டைப் பையில் பைக் சாவியைத் தேடிக்கொண்டே, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனார். அனுப்பாதே என்று சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. தௌசீஃப் பதிவுக் கோப்பையும் இணைத்து, அனன்யாவுக்கு அனுப்பினான்.

சாயங்காலம் சாந்தோமுக்குப் போனான். ஜொவிட்டாவின் வீடு பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டாவது தளம். உள்ளே அவள் அம்மா ஐரின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். வாய்ப்பாடு சத்தம் வாசல் வரை வந்தது. ஜொவிட்டா வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

அவன் போனில் அறிக்கையைத் திறந்து நீட்டினான். அவள் நின்றபடியே மூன்று பக்கத்தையும் படித்தாள். படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

“எப்ப அனுப்புன?”

“மத்தியானம்.”

“செவ்வாக்கெழம என்னாச்சு உனக்கு?”

“தெரியல.”

“அந்தம்மா கேட்டாங்க. நீ நின்னுகினு இருந்த. நான் உன்ன பாத்தேன்ல?”

“பாத்த.”

“பயந்துட்டியா?”

“இல்ல. ஒண்ணுமே தோணல ஜொவி. சத்தியமா. பேசணும்னு தெரிஞ்சுது, ஆனா…”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “எனக்கு ரெண்டு நாளா எல்லாம் தோணிச்சு. குரூப்ல புதங்கெழமயே போட்டாச்சு, என் பேரோட. ரெண்டு பேரு சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. எனக்கு அங்க நிக்கிற எடத்துல ஒரு ஆளு வேணுமா இருந்துச்சு தௌசீஃப். மெயிலு இல்ல.”

அவன் போனின் திரையை அணைத்தான்.

“இன்னொண்ணு சொல்றேன். இனிமே நீ பாத்து சொல்ற நம்பர நம்பி நான் பறக்க மாட்டேன். கோவத்துல சொல்லல.”

“சரி.”

அந்த நேரத்தில் அவன் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தால், அனன்யா. பின்னணியில் லாரிகளின் சத்தம் கேட்டது. மெயிலைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரே ஒரு விஷயம் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றார்.

ஜொவிட்டா கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். தௌசீஃப் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரை அழுத்தி, இருவருக்கும் நடுவில் பிடித்தான்.

“வார்னிங் லெவல யார் மாத்தினது?” என்று அனன்யாவின் குரல் படிக்கட்டில் எதிரொலித்தது.

“நான்தான் மேடம்.”

“உங்க ஓனருக்குத் தெரியுமா?”

“டைம் ஏத்தணும்னு கேட்டாரு. எப்டி ஏத்துனேன்னு நான் சொல்லல. அவரும் கேக்கல.”

“பைலட் காத்துன்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. ரெக்கார்டிங் எதுவும் இருக்கா?”

“இல்ல மேடம். அவங்க சொன்னாங்க, நான் கேட்டேன். நாந்தான் முடிச்சிட்டு வரலாம்னு சொன்னேன்.”

“அன்னைக்கு அங்கேயேதானே நின்னீங்க. ஏன் சொல்லல?”

தௌசீஃப் படிக்கட்டைப் பார்த்தான். ஜொவிட்டாவும் பதிலுக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது.

“சொல்லியிருக்கணும். சொல்லல,” என்றான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலகத்துக்கு வரும்படியும், அதே மாதிரிச் செய்த இன்னொரு பேட்டரியைக் கொண்டுவரும்படியும், டில்லிபாபுவுக்குத் தனியாகக் கடிதம் போகும் என்றும் அனன்யா சொன்னார். ஒப்பந்தம் இருக்குமா போகுமா என்று சொல்லவில்லை. தௌசீஃபும் கேட்கவில்லை. அழைப்பு முடிந்தது.

உள்ளே ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்கியது.

“திங்கக்கெழம நானும் வரேன்,” என்றாள் ஜொவிட்டா. “உனக்காக இல்ல. என்ன உள்ள வர வேணாம்னு சொன்னது அந்தம்மாதான். இப்ப வரலாமான்னு அவங்க வாயாலயே கேட்டுக்கறேன்.”

“சரி.”

“அந்தப் பதிவு ஃபைல எனக்கு அனுப்பு. என் பேப்பரோட வெச்சுக்கணும்.”

அவன் அங்கேயே நின்று அனுப்பினான். பெரிய கோப்பு, நேரமெடுத்தது. இரண்டு பேரும் அது போய்ச் சேரும்வரை அவரவர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவன் படியிறங்கி, சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்து, பஸ்ஸுக்கு நிற்காமல் கச்சேரி ரோடு பக்கம் நடந்தான். திங்கட்கிழமை வேலை இருக்காது என்று நினைத்தான். டில்லிபாபு, ஆறு பேர், அப்பாவின் புடவைப் பிரிவு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். மனசு லேசாகியிருக்கிறதா என்று தேடினான். அது தெரியவில்லை. வீட்டில் அப்பா இன்னும் வந்திருக்க மாட்டார். வந்ததும் அவர் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும். எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே நடந்தான்.